குண்டு விழாத வீட்டிலும் சாவு
ஏமன் யுத்தத்தைப் பற்றிய ஒரு கணக்கும் அது தரும் எச்சரிக்கையும்

(சமாதானப் பிரசாரக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யுத்தம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பீரங்கியும் ஆகாய விமானமும்தான். எந்தப் படை எந்த ஊரைப் பிடித்தது, எத்தனை பேர் மாண்டார்கள், எத்தனை கட்டிடங்கள் தரைமட்டமாயின என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. நாமும் டீக்கடையில் உட்கார்ந்து அதையே பேசுகிறோம். சண்டை ஓய்ந்தது என்று செய்தி வந்தால், அப்பாடா, முடிந்தது என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

இன்று நான் பேச வந்திருப்பது வேறொரு கணக்கைப் பற்றி. ஒரு யுத்தம் ஒரு நாட்டு ஜனங்களின் வாழ்வை எத்தனை ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளுகிறது? அது நீடித்துக்கொண்டே போனால் இன்னும் எவ்வளவு தள்ளும்? இன்றே நிறுத்தினால் அந்த ஜனங்கள் எப்போது தலைநிமிர முடியும்? இதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல முடியுமா?

முடியும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். ஏமன் நாட்டைப் பற்றிய அந்தக் கணக்கை 2019ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் என்ற ஸ்தாபனம் வெளியிட்டது. அமெரிக்காவில் டென்வர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி நிலையம் அதைத் தயாரித்துக் கொடுத்தது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

எந்த நாடு, என்ன யுத்தம்?

ஏமன், அரேபியத் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. செங்கடலின் வாசலில் அமர்ந்திருக்கும் நாடு. அந்த அறிக்கையின்படி அப்போது சுமார் 3 கோடி ஜனங்கள். மலைச்சரிவுகளில் படிப்படியாக வயல் வெட்டி, மழைநீரைத் தேக்கிப் பயிர் செய்வதில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கமுள்ள குடியானவர்கள். தெற்கே உள்ள ஏடன் துறைமுகம் 1967 வரை பிரிட்டிஷாரிடம் இருந்தது. வடக்கும் தெற்கும் தனித்தனி நாடுகளாக இருந்து, 1990ல் ஒன்றாயின.

2011ல் ஜனங்கள் தெருவுக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட அலி அப்துல்லா சாலே பதவி விலகவேண்டும் என்று கிளர்ச்சி செய்தார்கள். 2012ல் அவர் விலகினார். அதன் பிறகு வந்த சர்க்கார் காலூன்றவில்லை. 2014 செப்டம்பரில் வடக்கிலிருந்து வந்த ஹூதி படையினர் தலைநகரான சனாவைக் கைப்பற்றினார்கள். 2015 மார்ச் 26ம் தேதி சவூதி அரேபியாவின் தலைமையில் பல நாடுகளின் கூட்டணி ஆகாயத் தாக்குதலைத் தொடங்கிற்று. கூட்டணிக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயுதம் விற்றன. ஹூதிகளுக்கு ஈரான் துணை நின்றது. உள்நாட்டுத் தகராறு வெளிநாட்டார் கையில் பெரும் யுத்தமாயிற்று.

யுத்தத்துக்கு முன்பே ஏமன் ஏழை நாடுதான். மனித அபிவிருத்தியில் உலகில் 153வது இடம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உணவின்றி வளர்ச்சி குன்றியிருந்தார்கள். ஆனாலும் நாடு மெல்ல மெல்ல முன்னேறிக்கொண்டுதான் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்குக்கு இதுதான் அடிப்படை.

மனித அபிவிருத்தி என்றால் என்ன?

முன்பெல்லாம் ஒரு நாடு முன்னேறிவிட்டதா என்று பார்க்க, அதன் மொத்த வருமானத்தை ஜனத்தொகையால் வகுப்பார்கள். பத்து பேரில் ஒருவன் மாளிகை கட்டி, ஒன்பது பேர் குடிசையில் கிடந்தாலும், சராசரி நன்றாகவே இருக்கும். இந்தக் குறையைக் கண்டு, 1990ல் பாகிஸ்தான் பொருளாதார நிபுணர் மஹபூப் உல் ஹக் ஒரு புதிய அளவுகோலைக் கொண்டுவந்தார். அதை உருவாக்குவதில் நம் நாட்டு அமர்த்தியா சென் உதவினார்.

அந்த அளவுகோலில் மூன்று விஷயங்கள் உண்டு. பிறக்கும் குழந்தை எத்தனை வயது வரை உயிரோடு இருக்கும்? எத்தனை ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்? குடும்பத்துக்குக் கௌரவமாக வாழ வருமானம் உண்டா? ஆயுள், கல்வி, வருமானம் – இந்த மூன்றையும் சேர்த்து ஓர் எண்ணாக்கினார்கள். ஜனங்களின் வாழ்க்கையை ஒரே எண்ணில் அடைத்துவிட முடியுமா என்று சென் அவர்களே முதலில் தயங்கினார். ஆனால் வருமானம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகத்தைத் தொட்டிலின் பக்கமும் பள்ளிக்கூடத்தின் பக்கமும் திருப்ப அது உதவிற்று.

இரண்டு பாதைகள்

சரி, யுத்தம் இந்த அபிவிருத்தியை எவ்வளவு கெடுத்தது என்று எப்படிக் கணக்கிடுவது?

நம் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலத்தில் கரை உடைந்து பயிர் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். சர்க்கார் அதிகாரி வந்து, இத்தனை ஏக்கர், இத்தனை மூட்டை நஷ்டம் என்று எழுதிக்கொண்டு போகிறார். குடியானவனுக்கு நஷ்டம் அவ்வளவுதானா? விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுவிட்டான். ஒரு ஜோடி மாட்டில் ஒன்றை விற்றுவிட்டான். வட்டிக்கு வாங்கினான். பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூலி வேலைக்கு அனுப்பினான். மறு வருஷம் மழை பெய்து ஏரி நிரம்பினாலும் விதை இல்லை, மாடு இல்லை. பத்து வருஷம் கழித்து அந்தப் பையன் படிப்பில்லாத கூலியாளாக நிற்கிறான். உண்மையான நஷ்டம் எது? கரை உடையாமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் எங்கே நின்றிருக்கும், இப்போது எங்கே நிற்கிறது – இந்த இரண்டுக்கும் உள்ள தூரமே உண்மையான நஷ்டம்.

டென்வர் ஆராய்ச்சியாளர்கள் செய்ததும் இதுதான். பாரி ஹியூஸ் என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் பாடுபட்டு, ‘சர்வதேச எதிர்காலங்கள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கம்ப்யூட்டர் மாதிரியை அமைத்தார். ஜனத்தொகை, விவசாயம், கல்வி, சுகாதாரம், தண்ணீர், மின்சாரம், ரோடு, சர்க்கார் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தனிக் கணக்கு உண்டு. ஒரு கணக்கில் கைவைத்தால் மற்றவையும் அசையும்படி அவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. தாய் படித்தவளாக இருந்தால் குழந்தைச் சாவு குறைகிறது. குழந்தைச் சாவு குறைந்தால் பிறப்பு விகிதம் குறைகிறது. சிறிய குடும்பத்தில் படிப்புக்குச் செலவிட முடிகிறது. இப்படி ஆண்டுக்கு ஆண்டு கணக்கு ஓடுகிறது.

இந்த மாதிரியில் ஏமன் நாட்டுக்கு முதலில் ஒரு பாதை வரைந்தார்கள். 2014க்குப் பிறகு யுத்தமே மூளாமல், நாடு பழையபடி மெல்ல முன்னேறிப் போயிருந்தால் அந்தப் பாதை எங்கே போகும்? பிறகு யுத்தப் பாதை. அதில் மூன்று கிளைகள்: யுத்தம் 2019ல் நின்றால், 2022ல் நின்றால், 2030 வரை நீடித்தால். இந்த மூன்றையும் யுத்தமில்லாப் பாதையோடு ஒப்பிட்டுக் கழித்தார்கள். வந்த மிச்சம்தான் யுத்தத்தின் விலை.

கணக்கு சொன்னது

2019ம் ஆண்டு முடிவில் யுத்தம் நின்றால் அதுவரை மாண்டவர்கள் 2 லட்சத்து 33 ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று கணக்கு சொல்லிற்று. இவர்களில் சண்டையில் நேரடியாகச் செத்தவர்கள் 1 லட்சத்து 2 ஆயிரம். மீதி 1 லட்சத்து 31 ஆயிரம் பேர் மேல் குண்டும் படவில்லை, தோட்டாவும் படவில்லை. உணவில்லாமலும் மருந்தில்லாமலும் நல்ல தண்ணீர் இல்லாமலும் செத்தார்கள்.

மாண்டவர்களில் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அதாவது நூற்றுக்கு 60 பேர். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு குழந்தை வீதம் 2019ல் யுத்தத்தால் செத்தது. தேசத்தின் உற்பத்தியில் நஷ்டம் 8,900 கோடி டாலர்.

மனித அபிவிருத்தி எவ்வளவு பின்னுக்குப் போயிற்று? 21 ஆண்டுகள்! யுத்தம் நடந்தது ஐந்தே ஆண்டு. நாடு போய் நின்ற இடமோ 21 ஆண்டுகளுக்கு முன்பிருந்த இடம். ஓர் ஆண்டுச் சண்டை நான்கு ஆண்டு முன்னேற்றத்துக்கு மேல் தின்றுவிட்டது.

யுத்தம் 2022 வரை போனால் 26 ஆண்டுகள் பின்னடைவு. சாவு 4 லட்சத்து 82 ஆயிரம். அதில் சிறு குழந்தைகள் 3 லட்சத்து 31 ஆயிரம். 2030 வரை போனால் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பின்னடைவு. சாவு 18 லட்சம். அதில் சிறு குழந்தைகள் 15 லட்சம்.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், தோழர்களே. 2019ல் நின்றால் செத்தவர்களில் குழந்தைகள் நூற்றுக்கு 60. 2022 ஆனால் நூற்றுக்கு 68க்கு மேல். 2030 ஆனால் நூற்றுக்கு 83. யுத்தம் நீள நீள, சிப்பாய்கள் சாகும் யுத்தம் குழந்தைகள் சாகும் யுத்தமாக மாறிக்கொண்டே போகிறது. போர்க்களத்திலிருந்து வரும் செய்தியை மட்டும் படிக்கிறவனுக்கு இது தெரியாது. சண்டை மந்தமாகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும் போதே சாவு கூடிக்கொண்டிருக்கும்.

துறைமுகத்திலிருந்து தொட்டில் வரை

குண்டு விழாத வீட்டில் குழந்தை எப்படிச் சாகிறது? ஏமனில் நடந்ததையே பார்ப்போம்.

ஏமன் தனக்கு வேண்டிய கோதுமையில் நூற்றுக்கு 90 பங்கை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு. இறக்குமதியில் பெரும்பகுதி செங்கடல் கரையில் உள்ள ஹொதைதா துறைமுகம் வழியாக வரவேண்டும். 2015 ஆகஸ்டில் அந்தத் துறைமுகத்தின் பாரந்தூக்கி யந்திரங்கள் ஆகாயத் தாக்குதலில் நொறுங்கின. கப்பல்கள் சோதனைக்காகக் கடலில் காத்துக் கிடந்தன. 2017 நவம்பரில் ஹூதிகள் ரியாத் நகரை நோக்கி ஏவுகணை விட்டதும், கூட்டணி எல்லாத் துறைமுகங்களையும் சில காலம் மூடிவிட்டது. கப்பல் காத்துக் கிடந்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் மாவு விலை ஏறும்.

2016 செப்டம்பரில் மத்திய பாங்கியைச் சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றினார்கள். அதோடு சுமார் 12 லட்சம் சர்க்கார் ஊழியர்களின் சம்பளம் நின்றுபோயிற்று. அல்லது எப்போதாவது பாதி வந்தது. ஒவ்வொரு சம்பளத்தின் பின்னும் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. யுத்தத்துக்கு முன் ஒரு டாலருக்கு 215 ரியால் இருந்தது. 2021ல் ஏடன் சந்தையில் அது 1,000 ரியாலைத் தாண்டிற்று. கடையில் மாவு இருந்தது. வாங்கக் கையில் காசில்லை. பஞ்சம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

சம்பளமில்லாத ஊழியர்களில் துப்புரவுத் தொழிலாளி உண்டு. அவர் வேலை நின்றால் குப்பை தெருவில் மலையாகிறது. குழாய்த் தண்ணீர் இறைக்கும் பம்பு டீசலில் ஓடுகிறது. டீசலும் அதே துறைமுகத்தில்தான் காத்துக் கிடக்கிறது. பம்பு நின்றால் ஜனங்கள் அசுத்தக் கிணற்றில் மொள்ளுகிறார்கள். 2016 அக்டோபரில் காலரா தலைகாட்டிற்று. 2017 ஏப்ரலில் மறுபடி வெடித்தது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 10 லட்சம் பேர். நவீன காலத்தில் பதிவான காலராப் பரவல்களில் இதுவே மிகப் பெரியது. காலரா, உப்பும் சர்க்கரையும் கலந்த நீராலேயே பெரும்பாலும் குணமாக்கக்கூடிய வியாதி. ஆனால் நாட்டின் ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார நிலையங்களிலும் ஏறத்தாழப் பாதிதான் ஒழுங்காக நடந்தன. அங்கேயும் நர்ஸுக்குச் சம்பளமில்லை. பட்டினியால் மெலிந்த குழந்தைக்குப் பேதி கண்டால், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட பஸ் கட்டணமும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1 லட்சத்து 71 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு, அதாவது நாட்டின் ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, 2016 முதல் ஒழுங்காகச் சம்பளம் இல்லை. 2021ல் 20 லட்சம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றார்கள். பெண் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கட்டிக்கொடுத்தார்கள். பையன்கள் கையில் துப்பாக்கி வந்தது. அந்தப் பெண் பிள்ளை நாளை தாயாகும்போது, அவள் குழந்தையின் ஆயுளிலும் இந்த யுத்தம் கைவைக்கும். இரண்டு வயதுக்குள் வளர்ச்சி குன்றிய குழந்தை பெரியவனானாலும் அந்த இழப்பு முழுவதும் தீராது.

ஐந்து ஆண்டு யுத்தம் 21 ஆண்டுகளைத் தின்றது எப்படி என்று இப்போது விளங்குகிறதல்லவா? இது வட்டிக்கு வட்டி ஏறும் கடன். கையெழுத்துப் போட்டவர்கள் தளபதிகளும் மன்னர்களும். கட்டப் போகிறவர்கள் இன்னும் பிறக்காத பிள்ளைகள்!

நம் நாடும் கண்டதுதான்

இந்த மாதிரிச் சாவு நமக்குப் புதிதல்ல. 1943ல் வங்காளத்தில் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர் வரை மாண்டார்கள். கல்கத்தா மீது சில ஜப்பானியக் குண்டுகள் விழுந்தது உண்மை. ஆனால் அந்த லட்சங்களைக் கொன்றது குண்டு அல்ல. 1942ல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கிவிடும் என்று சொல்லி, கடலோர வங்காளத்தில் ஜனங்களின் படகுகளைப் பிரிட்டிஷ் சர்க்கார் பறித்தும் அழித்தும் போட்டது. படகில்லாமல் மீனவனுக்குத் தொழிலில்லை, நெல்லுக்குப் போக்குவரத்தில்லை. யுத்தச் செலவால் விலைவாசி ஏறிற்று. நிலமில்லாத கூலிக்காரனின் கூலி ஏறவில்லை. வங்காளத்துப் படகும் ஹொதைதாவின் பாரந்தூக்கி யந்திரமும் ஒரே கதையைத்தான் சொல்லுகின்றன.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பஞ்சத்தின் உச்சம் கடந்த பிறகும், 1944லும் அதற்குப் பின்னும் மலேரியா, காலரா, அம்மை என்று சாவு தொடர்ந்துகொண்டே இருந்தது. அந்தப் பஞ்சத்தை ஒன்பது வயதுச் சிறுவனாகக் கண்ணால் கண்டவர் அமர்த்தியா சென். மனித அபிவிருத்தி அளவுகோலுக்குத் துணைநின்றவரும் அவரே.

ஜோசியமா, கணக்கா?

வருங்காலத்தை யாரால் சொல்ல முடியும், இதுவும் ஒரு ஜோசியம்தானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஜோசியன், இது நடக்கும் என்கிறான். கணக்குப் போடுகிறவன், இப்படிச் செய்தால் இது நடக்கும், அப்படிச் செய்தால் அது நடக்கும் என்கிறான். ஜோசியத்தில் நமக்குச் செய்ய வேலை ஒன்றுமில்லை. பரிகாரம் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கணக்கிலோ எந்தப் பாதை என்பது மனிதர் கையில் இருக்கிறது.

கணக்குக்கும் குறைகள் உண்டு. ஏமனில் கடைசியாக ஜனத்தொகைக் கணக்கு எடுத்தது 2004ல். யுத்தம் நடக்கும் நாட்டில் கிராமத்துச் சாவுகளை யார் பதிவு செய்கிறார்கள்? கிடைக்கும் கொஞ்சம் விவரத்தையும் மற்ற நாடுகளின் அனுபவத்தையும் வைத்து அனுமானம் செய்துதான் ஆகவேண்டும். யுத்தம் இல்லாவிட்டால் நாடு எப்படிப் போயிருக்கும் என்பதும் அனுமானமே. ஆகவே இந்த எண்கள் தராசில் நிறுத்த எண்கள் அல்ல.

புதிய விவரம் கிடைத்தபோது அவர்களே கணக்கைத் திருத்தினார்கள். 2021 நவம்பரில் அதே ஸ்தாபனம் வெளியிட்ட பிந்திய அறிக்கையில், 2021 முடிவு வரை 3 லட்சத்து 77 ஆயிரம் பேர் மாண்டிருப்பார்கள் என்றும், அதில் நூற்றுக்கு 60 பேர் அளவில் பட்டினி, வியாதி போன்ற காரணங்களால் மாண்டவர்கள் என்றும் சொன்னார்கள். யுத்தம் 2030 வரை நீடித்தால் 13 லட்சம் சாவு என்றார்கள். முதலில் சொன்னது 18 லட்சம். எண் குறைந்தது, ஆனால் கணக்கின் போக்கு மாறவில்லை. நேரடிச் சாவைவிட மறைமுகச் சாவு அதிகம், காலம் போகப் போக அது இன்னும் அதிகம் என்ற உண்மை இரண்டு அறிக்கைகளிலும் நிற்கிறது.

முன்னெச்சரிக்கையால் பயனும் உண்டு. 2018 ஜூனில் ஹொதைதாவைப் பிடிக்கக் கூட்டணிப் படைகள் கிளம்பின. அங்கே சண்டை முற்றினால் இரண்டரை லட்சம் பேர் வரை எல்லாவற்றையும், உயிரையும்கூட, இழக்க நேரும் என்று ஐக்கிய நாடுகள் அதிகாரிகள் எச்சரித்தார்கள். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோம் உடன்பாடு ஏற்பட்டு, துறைமுகத்தின் மீது நடக்கவிருந்த பெரும் தாக்குதல் நின்றது. அதற்குப் பல காரணங்கள் சேர்ந்தன. எச்சரிக்கையும் அவற்றில் ஒன்று. சொன்னபடி நடக்காமல் போனால் ஜோசியனுக்கு அவமானம். யுத்தத்தின் சாவைக் கணக்கிட்டுச் சொன்னவனுக்கோ அது நடக்காமல் போவதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

சமாதானத்தின் கணக்கு

2021ம் ஆண்டு அறிக்கையில் சமாதானத்துக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2022 ஆரம்பத்தில் யுத்தம் நின்று, மறுசீரமைப்பு ஒழுங்காக நடந்தால், 2047க்குள் கொடிய வறுமையை ஒழிக்கலாம். 2050க்குள் ஏமன் நடுத்தர வருமானமுள்ள நாடாகலாம். கவனியுங்கள்: ஏழாண்டு யுத்தத்திலிருந்து மீள, எல்லாம் சரியாக நடந்தாலும் கால் நூற்றாண்டு வேண்டும்.

இடிந்த கட்டிடத்தைக் கட்டினால் மட்டும் போதாது என்றும் அந்தக் கணக்கு காட்டிற்று. விவசாயத்துக்கு முதல் போட வேண்டும். பெண்களுக்குக் கல்வியும் வேலையும் உரிமையும் வேண்டும். பெண்கள் முன்னேற்றத்தால் மட்டும் 2050க்குள் தேசத்தின் உற்பத்தி நூற்றுக்கு 30 பங்கு கூடும். பிரசவத்தில் தாய்மார் சாவு 2029க்குள் பாதியாகும் என்று கண்டார்கள்.

பின் என்ன நடந்தது? 2022 ஏப்ரல் 2ம் தேதி போர்நிறுத்தம் வந்தது. ஹொதைதாவுக்கு எண்ணெய்க் கப்பல்கள் வந்தன. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு சனாவிலிருந்து மே மாதம் பிரயாணி விமானம் கிளம்பிற்று. சண்டையில் சாவது வெகுவாகக் குறைந்தது. அந்த ஒப்பந்தம் அக்டோபரில் காலாவதியான பிறகும் பழைய அளவில் சண்டை உடனே மூளவில்லை. ஆனால் முழுச் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகவில்லை. 2023 நவம்பர் முதல், காஸா யுத்தத்தை முன்னிட்டு, ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கினார்கள். 2024 ஜனவரியிலிருந்து அமெரிக்காவும் பிரிட்டனும் ஏமன்மீது குண்டு வீசின. 2024 ஜூலையில் இஸ்ரேலிய விமானங்கள் அதே ஹொதைதாவின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தின. துப்பாக்கி ஓய்ந்ததைச் சமாதானம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது பாடம். சம்பளமும் துறைமுகமும் பள்ளிக்கூடமும் திரும்பிவராத வரையில், குழந்தையைப் பொறுத்தமட்டில் யுத்தம் நின்றதாக ஆகாது.

நாம் கேட்க வேண்டியது

தோழர்களே! யுத்தம் தொடங்குகிறவர்களிடம் எல்லாக் கணக்கும் இருக்கிறது. எத்தனை விமானம், எத்தனை டன் வெடிமருந்து, எத்தனை நாளில் வெற்றி என்று திட்டம் போடுகிறார்கள். ஆயுதம் விற்கிறவர்களிடமும் கணக்கு இருக்கிறது. 2015 முதல் 2019 வரை உலகில் மிக அதிகமாக ஆயுதம் இறக்குமதி செய்த நாடு சவூதி அரேபியா என்றும், அதில் நூற்றுக்கு 73 பங்கு அமெரிக்காவிலிருந்தும் 13 பங்கு பிரிட்டனிலிருந்தும் போயிற்று என்றும் ஸ்டாக்ஹோம் சமாதான ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. யுத்தம் நீண்டால் அவர்கள் கணக்கில் வரவு.

தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் கணக்கை மட்டும் யாரும் போடாமல் இருந்தார்கள். இப்போது போட்டிருக்கிறார்கள். இனி எந்த நாட்டில் எந்தச் சர்க்கார் போர்முரசு கொட்டினாலும், அது எந்தக் காரணத்தைச் சொன்னாலும், அடையாளம் தெரியாத லட்சக்கணக்கானவர் சார்பில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. இந்த யுத்தம் எத்தனை ஆண்டுகளைத் தின்னும்? துறைமுகம் மூடினால் மாவு விலை என்ன ஆகும்? ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் சம்பளம் எங்கிருந்து வரும்? செத்தவர்களை எண்ணும்போது, பேதியில் செத்த குழந்தையையும் சேர்த்து எண்ணுகிறீர்களா?

பதில் சொல்லட்டும். சொல்ல மறுத்தால் நாமே கணக்குப் போட்டு ஜனங்களிடம் கொண்டுபோவோம். முதல் குண்டு விழுவதற்கு முன்பே கேட்டால்தான் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பு. விழுந்த பிறகு கேட்டாலும் வீணில்லை. ஒரு மாதம் முன்னதாக நின்ற யுத்தம், பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், மூவாயிரத்து அறுநூறு குழந்தைகளைப் பிழைக்க வைக்கும்.

சமாதானத்துக்காக ஊர்வலம் போகிறோம், கையெழுத்து வாங்குகிறோம், கூட்டம் போடுகிறோம். இதனால் யுத்தம் நின்றுவிடுமா என்று கேலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஓர் எண்ணைச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மூவாயிரத்து அறுநூறு. அதற்காக எத்தனை கூட்டம் வேண்டுமானாலும் போடலாம்!